நூற்றுக்கு ஒன்று

நூற்றுக்கு ஒன்று என்றார் டாக்டர்,
தாளை என் பக்கம் திருப்பி வைத்து.
எனக்கு நூறு தெரியும்.
கருங்கல் அண்டி ஆபீஸில் பதினெட்டு வருஷம்
தோல் உரித்துத் தரம் பிரிக்கிற கை இது.
இரண்டு கையும் சேர்த்து அள்ளினால் நூறு பருப்பு.
அதில் உடைந்தது ஒன்று எப்போதும் உண்டு.
கண்ணை மூடிக்கொண்டாலும் விரல் சொல்லிவிடும்.

தாளில் இருந்தது:
இதயச் சுவரில் துளை. பக்கவாதம்.
தொடை ரத்தக்குழாயில் கசிவு.
பேஸ்மேக்கர் வேண்டிவரலாம்.
மிக அரிதாக, உணவுக்குழல் வெந்துபோகலாம்.
அந்த வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி.

யேசுவடியான் சிரித்தார்.
“வில்லுக்குறி வளைவுல நெஞ்சு கெடந்து துள்ளினப்போ
பஸ்ஸுக்குள்ள அம்பத்திரண்டு பேரு.
அதுக்கு மேலயா இது?”

நாகர்கோவிலில் அன்றைக்குச் சாரல்.
அவருடைய செருப்பு, வாட்ச், கண்ணாடி
ஒரு கவருக்குள், என் மடியில்.
பத்தரைக்கு உள்ளே போனவர்.
பன்னிரண்டேகாலுக்குக் கதவு திறந்தது.
ஒரு நர்ஸ் ஓடினாள்,
ஓடாத மாதிரி ஓடினாள்.
அதைக் கண்டுதான் எழுந்தேன்.

இதயத்துக்கும் அதன் உறைக்கும் நடுவே ரத்தம்,
துடிக்க இடமில்லாமல் நெருக்குகிறது என்று
படம் வரைந்து காட்டினார்.
பருப்புக்கும் தோலுக்கும் நடுவே
கத்தி நுழைகிற இடம் எவ்வளவு என்று
எனக்கு யாரும் வரைந்து காட்ட வேண்டாம்.
ஊசி குத்தி உறிஞ்சியது நானூற்று ஐம்பது மில்லி.
மற்ற தொண்ணூற்றொன்பது பேர் எங்கே என்று
நினைத்தேன். கேட்டது வேறு:
“குடிக்கத் தண்ணி குடுக்கலாமா?”

ஐ.சி.யூ.வில் மூன்று நாள்.
விலாவுக்குக் கீழே ஒரு குழாய்.
அதில் சிவப்பு, பிறகு கட்டன் சாயா நிறம்,
பிறகு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தார்.
மரச்சீனியும் சாளைக் கறியும் கேட்டுத் தின்றார்.
ராத்திரி நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்.
பழையபடி துள்ளிக்கொண்டுதான் இருந்தது.
பாதியில் நிறுத்தியதுதானே.

மூன்று மாசம் கழித்து அதே மேசை, அதே தாள்.
“இந்தத் தடவ?” என்றேன்.
“கிட்டத்தட்ட அதேதான், நூற்றுக்கு ஒன்று.
போன தடவை நடந்தது இதில் சேராது.”

சேராதாம்.
எங்கள் மேனேஜர் நேற்றைய உடைசலுக்கு
இன்றைக்கும் கூலி பிடிப்பார்.

ஸ்டீயரிங் பிடித்து ஐந்து மாசமான கை
என் பக்கத்தில், தொடைமேல்
தாளம் தப்பித் தட்டிக்கொண்டிருந்தது.

பேனா எழுதவில்லை.
உதறினேன்.