ஐந்து கிலோ சாயம்

கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள்
குப்பிழானில், புகையிலைத் தோட்டம் இரண்டுக்கு நடுவே
நிலம் இடிந்து உள்வாங்கிய குழிக்குள்
ஐந்து கிலோ சாயம் கொட்டினேன்.
கையில் செங்கல் தூள்.
தண்ணீர் பட்டதும்
கிளிக்குஞ்சுப் பச்சை.

குழி அதைக் குடித்த சத்தம்
கடைசி மிடறு சோடாவை உறிஞ்சும் பிள்ளையின் சத்தம்.
பிறகு ஒன்றுமில்லை. செம்மண். ஈரம்.
ஒரு தவளை.

மாரிக்கு மட்டும் வந்துபோகும் வழுக்கியாற்றை விட்டால்
ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை எங்களுக்கு.
ஓடுவதெல்லாம் காலுக்குக் கீழே:
சுண்ணக்கல்லை மழை நக்கி நக்கித் திறந்த
மயிரிழை வெடிப்பு, விரல் நுழையும் பொந்து,
சில இடத்தில் மாடு நுழையும் குகை.
அதற்கும் கீழே கடல்.
உப்பில்லாத மழைக்குக் கனம் குறைவு,
அதனால் கடலின் மேல் மிதக்கிறது
நடுவில் தடித்து ஓரம் மெலிந்த
பாலப்பம் மாதிரி.

மேலே ஓரடி வற்றினால்
கீழே நாற்பதடி உவர் எழும்பும்.
நான் பரீட்சைக்குப் பாடமாக்கியது.
நாலு பம் ஒன்றாய் இறைத்த சித்திரையில்
கருகிப்போன வெங்காயத்தாள் நுனி
பாடமாக்காமலே அறிந்தது.

வரைபடத்தில் என் அம்புக்குறி வடக்கே காட்டியது.
போய்ச் சேந்தாங்குளத்தில் காத்திருந்தேன்.
கடல் வற்றும் நேரம்
மணலில் சோறு கொதிக்கிற மாதிரிக் குமிழி வரும்.
கால் வைத்தால் குளிர்.
றெஜினோல்ட் சிரட்டையால் மணலை வழித்துவிட்டு
அலை திரும்ப முன் ஒரு கான் நிரப்பிக்கொண்டான்.
"குடிச்சுப் பாருங்கோ சேர்."
போன மாரியோ, நான் பிறந்த வருசத்து மாரியோ,
நாக்கில் இனித்தது.
தொண்டையில் மட்டும் ஒரு கல் உப்பு.

பத்து நாள். நூற்றிருபது போத்தல்.
எல்லாவற்றிலும் திகதி, நேரம், என் கிறுக்கல்.
பச்சை இல்லை.

பதினோராம் நாள் விடிய ஏழாலையிலிருந்து
யோகபூபதி அக்காவின் போன்:
"எங்கட கிணத்துக்கை பச்சை கலந்து விட்டிருக்கிறான்.
வேற ஆர், அவன்தான்."

அவன் என்றால் வேலிக்கு அங்கால் சற்குணானந்தம்,
கூடப்பிறந்த தம்பி.
பங்குக் கிணற்றில் இறைப்பு முறை பிழைத்து
மல்லாகம் கோட்டில் ஆறு வருசம் நின்று
கடைசியில் தனக்கென்று ஒன்று வெட்டி
முள்ளுக்கம்பியும் அடித்தவர்.

நான் போகப் பொலிஸ் மோட்டார்சைக்கிள் நின்றது.
எட்டிப் பார்த்தேன். கிளிக்குஞ்சு.
நான் வடக்கே கீறிய அம்பை
பெயரில்லாத ஏதோ ஒரு வெடிப்பு
மேற்கே திருப்பிவிட்டிருந்தது.

"ஊத்தினது நான்" என்றேன்.
கொன்ஸ்டபிள் பேனையை மூடவில்லை.

அந்த நேரம் வேலிக்கு அங்கால் கப்பி நின்றது.
சற்குணானந்தத்தின் மருமகள்
வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்து
ஒன்றும் பேசாமல்
எங்களுக்குத் தெரியச் சரித்துக் காட்டினாள்.

யோகபூபதி அக்கா அந்த வாளியைப் பார்த்தார்.
திரும்பித் தன் கிணற்றைப் பார்த்தார்.
கோபம் இன்னும் கழுத்து நரம்பில் நிற்க
என்னிடம் சொன்னார்,
வேலிக்குக் கேட்கிற சத்தத்தில்:
"அங்கை கைக்குழந்தை இருக்கு.
உந்தத் தண்ணியைக் காய்ச்சிக்கூடக் குடுக்க வேண்டாமாம்."

நஞ்சில்லை, கெதியில் தெளியும் என்று
இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொன்னேன்.
இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள்,
கடைப் போத்தல் தண்ணியில்.

இரவு கணக்குப் பார்த்தேன்.
இரண்டு கிணற்றிலும் கண்டதைக் கூட்டினால்
ஒரு பிடி தேறும்.
மிச்சம்
பெருக்குக்கு ஓரடி பின்வாங்கி
வற்றுக்கு இரண்டடி நகர்ந்து
எந்த வீட்டு வாளிக்குப் போகிறதோ.

கோண்டாவிலில் என் வீடு.
குழியிலிருந்து வெகுதூரம், வழியுமில்லை
என்கிறது வரைபடம்.
பல் தீட்ட முன்
வெள்ளைக் கோப்பையில் பிடித்து
லைற்றுக்கு நேரே தூக்கிப் பார்க்கிறேன்,
இன்றைக்கும்.