பொருந்தவில்லை

பள்ளியாடி அண்டி ஆபீஸ் வாசலில்
விரல் வைக்கும் மெஷின் வந்து பதினாறு நாள்.
உடைப்புக்காரிகள் வைத்தால் சிவப்பு.
சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் சிவப்பு,
தேங்காயெண்ணெய் தடவி வந்தாலும் சிவப்பு.
'பொருந்தவில்லை' என்று ஒரு பெண்குரல்,
சலிக்காமல், மரியாதையாக.
அண்டிநெய் தின்ற விரலில்
ரேகை எங்கே மிச்சமிருக்கும்?
வந்த நாளெல்லாம் வராத கணக்கு.

நான் வைத்தால் பச்சை.

யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"நீ பேசு டெல்பின், உனக்குத்தான் நாக்கு உண்டு"
என்று முன்னால் தள்ளினார்கள்.
யூனியன் நேசய்யன் மூன்று பக்கம் எழுதித் தந்தார்.
'வீரத் தாய்மார்களே' என்று தொடங்கும்.
ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து
மரச்சீனி வெந்து குழையும்வரை வாசித்துப் பார்த்தேன்.
நல்ல பேச்சு.
வேறு யாரோ பேச வேண்டியது.

ராத்திரி அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன்,
பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஸ்டிரைக்கை.
அதன் ஏழாம் நாள்
ரப்பர்த் தோட்டம் சுற்றிப் பின்வாசல் வழியாக
நான் வேலைக்குப் போனதை.

முதலில் எழுதியது: மகனுக்குக் காய்ச்சல்.
இத்தனை காலம் எனக்கே நான் சொல்லிவந்தது அதுதான்.
அவனுக்குக் காய்ச்சல் வந்தது அடுத்த மாசம்.
அடித்தேன்.
பிறகு எழுதியது: பட்டினி.
அரிசி இருந்தது, அரைச் சாக்கு.
அதையும் அடித்தேன்.
வீட்டுக்காரர் மிரட்டினார் என்று எழுதப் போய்,
பாவம், அந்த மனுஷன்
போகாதே என்றுதான் சொன்னார்.

தோல் உரிப்பதுபோல என்று சொல்லத் தோன்றும்.
அப்படியொன்றும் இல்லை.
அண்டிக்கு உரித்தால் உள்ளே பருப்பு.
எனக்கு உள்ளே ஒரு ஸ்டூல் கிடந்தது.
கிரேடிங் ஹாலில் ஃபேனுக்குக் கீழே
சூப்பர்வைசர் விரல் நீட்டிக் காட்டிய
காலி ஸ்டூல்.
ரெத்தினபாய் உட்கார்ந்திருந்தது.
ஸ்டிரைக்குக்கு முன்னால் நின்றாள் என்று
அவளைத்தான் முதலில் வெளியே அனுப்பினார்கள்.
எனக்கு அதில் உட்கார ஆசை.
காரணம் அவ்வளவுதான்,
ஒரு வரிக்குமேல் வரவில்லை.

அதில் உட்கார்ந்து வருஷம் பல போனபின்
என் விரலில் ரேகை திரும்ப முளைத்தது.

திங்கள் காலை, தூறல்.
கேட்டுக்கு வெளியே நூற்றிச் சொச்சம் பேர்,
தலைக்குமேல் துண்டும் பிளாஸ்டிக் கவரும்.
தொண்டை அடைத்தது.
"எனக்க விரலுக்கு மட்டும்
ஏன் பச்சை எரியுதுண்ணு சொல்லுறேன்"
என்று தொடங்கி முழுக்கச் சொன்னேன்.
அழவில்லை. அழுதால்
என்னைத் தேற்றவேண்டிய வேலையும்
அவர்கள் தலையில் விழும்.

கைதட்டல் இல்லை.
ஒருத்தி காறித் துப்பினாள்,
மண்ணுக்கா எனக்கா தெரியவில்லை.
நேசய்யன் வாட்சைப் பார்த்தார்.
கடைசியில் நின்ற ஓமனா
யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள்:
"அண்ணு பின்வாசல் ஏறினது ஆறு பேராக்கும்.
ஒருத்திதான் இப்பம் வாய் திறந்திருக்கா."
சொல்லிவிட்டுத் தன் வலதுகையை
முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.
மற்ற ஐந்து பேர் யாரென்று நான் கேட்கவில்லை.
அது அவரவர் எழுதிப் பார்க்கவேண்டியது.

சங்கு ஊதியது. வரிசை நகர்ந்தது.
என் முறை வந்தபோது
விரலை வைக்காமல் நின்றேன்.
செக்யூரிட்டி பையன் விழித்தான்.
"வை எக்கா. வைக்கல்லேங்கில் உனக்கும் ஆப்சென்ட்."
"போட்டுக்கோ."

பின்னாலிருந்து துப்பியவள்தான் கேட்டாள்:
"ஸ்டூல் போவும், கேட்டியா?"
"போவும்" என்றேன்.

மழை வலுத்தது.
மெஷின் யாருமில்லாத விரலுக்காக
நீல வெளிச்சம் காட்டிக்கொண்டே இருந்தது.
வரிசை அசையவில்லை.