குடும்பிமலைக்குப் போன ஞாயிறு

ஆவணி பிறந்தும் கச்சான் விடவில்லை.
மூன்று கிழமையாய் மேற்கே எங்கோ காடு எரிகிறது.
யார் வைத்த தீ என்று கேட்டால்
வயல்காரர் பட்டிக்காரரைக் கைகாட்டுவார்,
பட்டிக்காரர் வேட்டைக்காரரை.
வேட்டைக்காரரை யாரும் கண்டதில்லை.

போவதா விடுவதா என்று
வெள்ளி இரவு முழுக்க இழுபட்டோம்.
"ஆறு வருசத்துக்குப் பிறகு வந்திரிக்காய்,
புகைக்குப் பயந்து வீட்டுக்குள்ள கிடக்கவா?"
என்றாள் ஜெனிற்றா.
கொரோனாக் காலத்து முகக்கவசங்களை
அலுமாரியின் அடியிலிருந்து எடுத்து வந்தாள்.
மூச்செல்லாம் பூச்சி உருண்டை வாசம்.

கிரானில் சுபோதரன் வேனில் ஏறினான்,
மடியில் ஒரு முட்டி எருமைத் தயிர்.
"மலைக்குத் தயிரா?"
"றிஸ்வியாவுக்கு. இறங்கினாப் பிறகு."
வழியெல்லாம் தயிருக்குத்தான் மரியாதை,
பள்ளம் கண்ட இடமெல்லாம் வேன் ஊர்ந்தது.
யானை வேலிக்கு அப்பால் மருதமரங்கள்
இடுப்புவரை கறுத்து நின்றன,
உழவுச் சேற்றிலிருந்து இப்போதுதான்
கரையேறியவர்கள்போல.

பாறை காலையிலேயே சுட்டது.
கருகிய இலுக்கம்புல்லின் துகள்
வியர்வையில் வந்து ஒட்டியது.
பாதி வழியில் ஜெனிற்றா குந்திவிட்டாள்.
"எனக்கு நாற்பத்தியேழு வயசு,"
பாறையிடம் முறையிட்டாள்.
பாறை ஒன்றும் சொல்லாததால்
கொஞ்சம் கழித்து எழும்பினாள்.

உச்சியில் ஒன்றுமில்லை.
கழுவாத பால்போத்தலுக்குள் நிற்பதுபோல்
சுற்றிவர மங்கல் வெள்ளை.
சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம்,
பழைய செப்புச் சல்லி.
சுபோதரன் கை நீட்டினான்:
"அந்தா வாவி. அந்தா கடல்.
இந்தப் பக்கம் உன்ட பழைய வீடு."
"அது கிழக்கில்லடா."
"பின்ன எது?"
கண்ணில் படாத கடலுக்காக
இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள்.
என் போனில் திசைகாட்டி இருந்தது.
எடுக்கவில்லை. சண்டை நன்றாக இருந்தது.

அடிவாரத்தில் ஒரு கன்று,
வால்குஞ்சம் பொசுங்கி.
கடைசிப் போத்தலைக் கையில் ஊற்றிக் காட்டினோம்.
குடித்துவிட்டு,
புகை வந்த பக்கமே கிறுகி நடந்தது.

ஓட்டமாவடியில் றிஸ்வியா
கேற்றைத் திறக்கவில்லை.
"அங்கயே நில்லுங்க. உடுப்பெல்லாம் புகை நாறுது.
புள்ளைக்கு ராவெல்லாம் இழுப்பு."
உள்ளே நெபுலைசர் இரைந்துகொண்டிருந்தது.
மதிலுக்கு மேலால் உடுப்புகள் வந்தன.
கிணற்றடி சுற்றி, பின்பக்கத்தால் உள்ளே போனோம்:
அவள் புருசனின் சாரனில் சுபோதரன்,
மச்சாளின் அபாயாவில் ஜெனிற்றா,
அவளுடைய ஊதாச் சல்வாரில் நான்.
எங்களைக் கண்ட ஹம்தான்
முகமூடிக்குள் சிரித்தான்.
சிரிப்பு இருமலானது.
தயிர் முட்டியோடு அப்படியே நின்றோம்,
அது அடங்கும்வரை.

பிறகு கேட்டான்,
"மலைல நிண்டா என்ன தெரியும்?"
சுபோதரன் கை நீட்டினான்,
அதே வாவி, அதே கடல்.
ஜெனிற்றா இம்முறை மறுக்கவில்லை.
"ஒரு கப்பலும்," என்றாள்.
றிஸ்வியா என்னைப் பார்த்தாள்.
நான் தயிருக்குப் பாணி ஊற்றினேன்.

இரவு கொழும்பு பஸ்
புணானை தாண்டிய பிறகுதான் கவனித்தேன்,
இன்னும் ஊதாச் சல்வார்.
"என்ட சட்டை உன்ட கொடியில" என்று அனுப்பினேன்.
விடிய மின்னேரியாவுக்கு அப்பால்
எங்கோ பதில் வந்து கிடந்தது:
"ரெண்டு தரம் தோச்சன். மணம் போகல்ல.
கிடக்கட்டும், மாரி வந்தா
ஒருக்கா நனைய விடுறன்."