எந்த வருஷம் என்று கேட்டேன்

நாற்பத்தெட்டு பேர் தபாலில் வந்தார்கள்,
குமிழ்த் தாளில் சுற்றிய வெள்ளீயம்.
உள்ளே ரோலண்ட் ஸ்டெயின்ஸின் சீட்டு:
மதராஸ் காலாட்படை, இரண்டு பட்டாளம்.
ஆளுக்கு ஏழு பவுண்டு. மார்ச் ஒன்பது, சனிக்கிழமைக்குள்.

அச்சுக் கோடுகளை அரத்தால் உரசினேன்:
காதின் பின்னால், துப்பாக்கியின் அடியில்,
தொடையிடுக்கில், யாரும் பார்க்காத இடங்களில்.
ஒயின் தக்கைக்கு ஒருவராய் ஒட்டி
ஜன்னலோரம் நிறுத்தினேன்.
பீஸ்டன் டிராம் திரும்பும்போதெல்லாம்
கட்டளை இல்லாமலே
மொத்த வரிசையும் லேசாக ஆடியது.

‘சதை நிறம்’ என்று ஒட்டியிருக்கும் குப்பியில்
இருப்பது இளஞ்சிவப்பு.
வாட்டர்லூவுக்கு மட்டும் நான்கு குப்பி காலி செய்தவன் நான்.
இந்த முறை மூடியைத் திருகவில்லை.
சேணத்துக்கு வாங்கிய பழுப்பு, கொஞ்சம் செங்கல்,
துளியிலும் துளி ஊதா.
ஈரத் தட்டில் குழைத்து
புறங்கையில் தொட்டுவைத்துப் பார்த்தேன்.
எங்கே வைத்தேன் என்று
தேட வேண்டியிருந்தது.

சிவப்பு அங்கி. நீலத் தலைப்பாகை.
முழங்காலுக்கு எட்டாத வெள்ளைக் கால்சட்டை,
அதன் ஓரத்தில் பல் பல்லாய் நீலக் கரை.
காலுக்குப் பதினொரு பல்.
பெருக்காதே, பெருக்கினால் எழுந்து போய்விடுவாய்
என்று சொல்லிக்கொண்டே பெருக்கினேன்.
ஆயிரத்து ஐம்பத்தாறு.

அச்சு ஆறுதான். ஆறே முகம், எட்டெட்டு தடவை.
ஒருவனுக்கு மீசையை நரைக்க விட்டேன்.
ஒருவனுக்குத் தூக்கமில்லை, கண்ணின் கீழ் ஒரு கோடு.
தோட்டாவைப் பல்லால் கிழிப்பவனுக்கு
உதட்டில் கரி.

பிறகு நெற்றி.
ஐந்தாறு மயிரே உள்ள தூரிகையை
நாக்கில் கூராக்கிக்கொண்டு நின்றேன்.
ரோலண்டின் சீருடைப் புத்தகத்தில் நெற்றிகள் காலி.
போன் போட்டேன். எந்த வருஷம்?
“ஆயிரத்து எண்ணூற்று மூன்று. ஏன்?”

மூன்றென்றால் திருநீறு உண்டு,
நாமம் உண்டு, காதில் கடுக்கன் உண்டு.
ஐந்தின் கடைசியில் உத்தரவு வரும்:
அழி. மழி. கழற்று.
ஆறில் வேலூர்.

மறுமுனையில் கெட்டில் கொதித்து அணைந்தது.
“புத்தகத்தில் இல்லையே.”
இல்லை என்றேன்.
“அதற்குத் தனிக் காசா?”
அதற்கும் இல்லை என்றேன்.

எல்லாருக்கும் போடவில்லை.
பதினான்கு பேர் தாடியோடு, வெற்று நெற்றியோடு.
பலருக்குப் பட்டை, அதில் ஒன்று வியர்வையில் கலைந்த மாதிரி
(கை நடுங்கியது, அப்படியே விட்டேன்).
மூவருக்கு நாமம்.
அரை மில்லிமீட்டரில் வடகலையா தென்கலையா
என்று வழக்குப் போட யாரும் இல்லை.

சனிக்கிழமை, சர்ச் கூடத்தில்
ஆறடிக்கு நாலடி மேஜை,
நீல ரெக்ஸினில் வெட்டிய ஆறு.
மராத்தா பீரங்கிகள் ஃபியோனா கார்ட்லிட்ஜுக்கு;
வாரநாளில் பல் பிடுங்குகிறவர்.
புதுப் பெயிண்ட் முதல் ஆட்டத்தில் ஓடும்
என்பது இந்த மேஜைகளின் ஐதீகம்.
ரோலண்ட் பகடையை ஊதி ஊதி உருட்டினார்.
ஒன்று. மறுபடி ஒன்று.

முதல் பட்டாளம் உடைந்தது.
“மூன்று வாரமாகக் காத்திருந்தேனே,” என்றார்
அவர்களிடம்தான், என்னிடம் அல்ல.
பிறகு ஒவ்வொருவராக, தலைப்பாகை தொடாமல்,
இடுப்பைப் பிடித்துத் திருப்பினார்.
இருபத்துநான்கு முதுகுகள் பீரங்கிக்கு.
இருபத்துநான்கு நெற்றிகள்
மேஜையின் இந்த ஓரத்துக்கு, நான் நிற்கும் பக்கம்.

விதிப்படி ஒரு முறைக்குப் பன்னிரண்டு அங்குலம்.
தூங்காதவன்தான் முன்னால் வந்தான்.
தேநீர்க் கோப்பையை நகர்த்தி
வழி விட்டேன்.