முப்பத்தொன்பது சாவிகள்

ஓசூர், பாகலூர் சாலை.
எங்கள் குடியிருப்புக்கு ஹில் வியூ என்று பெயர்.
மலை தெரிந்தது,
பி பிளாக் எழும்பும் வரைக்கும்.

நூற்றுப் பன்னிரண்டு வீடு.
சதுர அடிக்கு மூன்று ரூபாய் பராமரிப்பு,
ஐந்தாம் தேதிக்குள்.
தவறினால் லிஃப்ட் கதவில்
வீட்டு எண்ணை ஒட்டுவார்கள், சிவப்பு மையில்.
லிஃப்ட் ஓடாத மாதமும்
அந்தத் தாள் மட்டும் புதிதாக இருக்கும்.

நான் சிப்காட்டில் ஸ்டோர்ஸ் பார்ப்பவள்.
வந்த போல்ட், போன போல்ட், கையிருப்பு
மூன்றும் ஒத்துப்போகாமல் எனக்குத் தூக்கம் வராது.
ஒருநாள் கணக்குத் தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
மார்ச் மாதம் ஜெனரேட்டருக்கு
ஆயிரத்து நானூறு லிட்டர் டீசல்.
மார்ச்சில் விளக்கு அணைந்தது மூன்று முறை.
அதில் ஒன்று
பிறந்தநாள் கேக்குக்காக நாங்களே அணைத்தது.

"கம்பெனி பாத்துக்கும் மேடம்" என்றார் மேனேஜர் சம்பங்கி.
கம்பெனி யார்?
கட்டியவரின் மைத்துனர்,
மைத்துனரின் மனைவி,
பெங்களூரில் ஒரு தபால் பெட்டி.
வீடுகளை விற்றவர்கள்
கதவை மட்டும் விற்காமல் வைத்திருந்தார்கள்.

தஸ்லீமா டீச்சரும் நானும்
மனுவோடு படியேறினோம்.
ஒவ்வொரு தளத்திலும் மூச்சு வாங்க நின்றோம்.
நின்றதைப் பார்த்துக் கதவு திறந்தார்கள்,
தண்ணீர் கொடுத்தார்கள்,
கையெழுத்தும் போட்டார்கள்.
செத்த லிஃப்ட் எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம்.
தமிழில், தெலுங்கில், வட்டவட்டமாகக் கன்னடத்தில்.
நாலாவது மாடி பிகாஷ் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டான்:
"வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஓட்டு உண்டா, அக்கா?"
இல்லை என்றேன்.
பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான்.

கிருஷ்ணகிரிக்குப் பதினோரு முறை.
மாம்பூ காலத்தில் கொடுத்த மனு
கூழ் தொழிற்சாலைக்கு லாரிகள் வரிசை கட்டும்போதுதான்
முத்திரை கண்டது.
அலுவலக வாசல் டீக்கடைக்காரர்
சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

தேர்தலன்று கிளப் ஹவுஸுக்குப் பூட்டு.
ஆகவே கார் நிறுத்துமிடம்,
அவரவர் வீட்டு நாற்காலி,
வாக்குப்பெட்டியாக டீச்சரின் ஆறு லிட்டர் குக்கர்.
அறுபத்தெட்டுக்கு இருபத்தொன்று.
யாரோ ஒரு பையன் மூன்று விசில் அடித்தான்.

மறுநாள் சம்பங்கி
மஞ்சள் பையைக் கவிழ்த்தார் மேசைமேல்.
முப்பத்தொன்பது சாவிகள்.
ஒன்றிலும் சீட்டு இல்லை.
எது எதற்கு என்றேன்.
"பழகிடும்."
வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.
"எனக்கும் நாலு மாசம் பாக்கி மேடம்.
யாருகிட்டயும் சொல்லல."

எல்லம்மா வாளியைக் கீழே வைத்தாள்.
"இனிமே சம்பளம் யாருகிட்ட கேக்கணும்?"
கை காட்டுகிற பழக்கத்தில்
திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் சுவர்.

வங்கிக் கணக்கில் இருந்தது பதினேழாயிரத்துச் சொச்சம்.
அன்று மாலை முதல் கூட்டம்.
நீச்சல் குளத்துக்கு நீல ஓடு பதிக்கலாம் என்றார் ஒருவர்.
எல்லம்மாவுக்கே முதலில் என்றோம்.
"இதுக்கா ஓட்டுப் போட்டோம்?"
குரல் குக்கர்ப் பக்கமிருந்து வந்தது.
எழுதிக்கொண்டேன். நிகழ்ச்சிக் குறிப்பில் அதுவும் இருக்கிறது.

இரவு இரண்டு மணி. போன்.
"தண்ணி வரல. கமிட்டி என்னதான் பண்ணுது?"
அந்தத் தொனி எனக்குத் தெரியும்.
நான்கு வருஷம்
சம்பங்கியிடம் நான் பேசியது.

நைட்டிமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு
மோட்டார் அறை வாசலில் நிற்கிறேன்.
ஷிஃப்ட் முடிந்து வந்த பிகாஷ்
கேட்காமலே செல்போன் வெளிச்சம் பிடிக்கிறான்.
ஓசூர்க் குளிர் இரும்பில் ஏறிக் கிடக்கிறது.
ஒன்று. இல்லை.
இரண்டு. நுழைகிறது, திரும்பவில்லை.
இருபத்தாறாவது
கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது.

மோட்டார் கிடக்கட்டும் ஒரு நிமிடம்.
வீட்டுக்கு ஓடி
மகளின் நெயில் பாலிஷை எடுத்து வந்து
அந்தச் சாவியின் தலையில்
ஒரு பொட்டு வைத்தேன்.

மிச்சம் முப்பத்தெட்டு.