எழுபத்தொன்றரை சென்டிமீட்டர்

தாம்பெரேயில் நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.
மருத்துவர் என் முழங்காலின் படத்தை விளக்கில் பிடித்து
"இனி உட்கார்ந்து வாசி, ஹில்க்கா" என்றார்,
உப்பைக் குறை என்பதுபோல.

இருபத்திரண்டு வருடம் நின்றவள் நான்.
நின்று டபுள் பேஸ் வாசிப்பவர்களுக்கு ஒரு கர்வம் உண்டு.
அது முட்டியில்தான் இருந்திருக்கிறது.

ஆபரா அரங்கின் பொது ஸ்டூல்
எல்லோருக்கும் ஆனது, ஆகவே ஒருவருக்கும் ஆகாதது.
திருகி உயர்த்தலாம்.
இரண்டாம் காட்சி முடிவதற்குள்
பெருமூச்சு விட்டபடி தானே இறங்கிவிடும்.
ஒருநாள், ஊசி விழுந்தால் கேட்கும் இடத்தில்,
கீச் என்றது.
இசை நடத்துநர் என்னைப் பார்த்தார்.
நான் புல்லாங்குழல்காரரைப் பார்த்தேன்.

டிராம் ஏறிக் கடைகடையாகப் போனேன்.
என்னைவிட உயரமான வாத்தியத்தை எங்கே தூக்கிப் போவது?
வெறும் கையோடு ஏறி அமர்ந்தேன்.
வலது கால் தரையில், இடது கால் குறுக்குக்கட்டையில்,
இல்லாத மரத்தை இடது தொடையில் சாய்த்து
இல்லாத வில்லை இழுத்தேன்.
"அம்மா, அவங்க யாரைக் கட்டிப் பிடிச்சிருக்காங்க?"
பனிச்சட்டைக்குள் இருந்து ஒரு பையன் கேட்டான்.
விற்பவன் சட்டென்று மேஜைவிளக்குகளை அடுக்கத் தொடங்கினான்.

சிவப்புத் தோல்மெத்தை: வழுக்கியது.
டிரம்ஸ்காரர்களின் வட்ட ஆசனம்: தாழ்வு.
தடித்த தந்திக்கு வில் போகும்போதெல்லாம்
தொடை குறுக்கே வந்தது.
மதுக்கடை ஸ்டூல், எண்பது சென்டிமீட்டர்:
இரண்டு காலும் தொங்கின
பள்ளிக்கூடத்தில் முதல் நாள் மாதிரி.
எங்கள் வீட்டு சௌனா முக்காலி மட்டும் ஆடவே ஆடாது.
மூன்று கால் எந்தத் தரையிலும் பொய் சொல்வதில்லை.
ஆனால் குட்டை.
அதில் அமர்ந்தால் வாத்தியம்தான் என்னை வாசிக்கும்.

சந்தைக் கூடத்தில், மீன் வறுக்கும் லெம்பி
கவுன்டரை உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தாள்.
பழைய ஸ்டூல்கள் மழையில் நின்றன.
பதினைந்து யூரோ. பிர்ச் மரம்.
குறுக்குக்கட்டையில், யார் யாரோ பூட்ஸால் தேய்த்த பள்ளம்;
என் இடது கால் அதைக் கேட்காமலே கண்டுபிடித்தது.
அளந்தேன். எழுபத்து நாலு.
இரண்டரை அதிகம்.

மேல்வீட்டு ருனேவிடம் ரம்பம் இருந்தது.
நிதானம் இல்லை.
மூன்று காலைச் சரியாக அறுத்தான்.
நாலாவதில் பூனை குறுக்கே போனது என்றான்.
அவனிடம் பூனை கிடையாது.
அறுத்ததை ஒட்டவா முடியும்?
நாளிதழ் மடித்து வைத்தோம். பீர் அட்டை வைத்தோம்.
படகில் உட்கார்ந்தவள்போல நான் ஆடினேன்.
ருனே கொட்டாவி விட்டுக்கொண்டு மாடி ஏறினான்.

இரவு பத்து மணிக்கு இழுப்பறையைக் கிளறினேன்.
ரோசின் தூள், அறுந்த தந்தி,
எதற்கென்றே தெரியாத ஒரு சாவி,
அடியில், பழைய குதிரை.
போன குளிரில் ஒத்திகை நடுவே
துப்பாக்கிபோல் வெடித்துச் சரிந்தது.
ஒன்பது வருடம் நாலு தந்தியையும் சுமந்த மேப்பிள்.
தூக்கிப்போட மனமில்லை என்று சொல்லமாட்டேன்,
மறந்துவிட்டிருந்தேன்.
அதன் பாதத்தில் ஒரு துண்டு சீவி
குட்டைக் காலில் ஒட்டினேன்.
குதிரை லாடமாயிற்று.

பசை காயும்வரை பொறுக்கவில்லை.
ஸ்டூலுக்கு நாலு கால், எனக்கு இரண்டு,
பேஸின் ஒற்றை முள்:
ஏழு காலும் தரையைத் தொட்டன.
அடித்தந்தியை ஒரே ஒருமுறை, மெதுவாக.
நின்ற காலத்தில் விலாவோடு நின்றுவிடும் ஒலி
இப்போது இடுப்பெலும்பில் இறங்கி, பிர்ச்சுக்குள் போய்,
தரைப்பலகைக்குள் எங்கோ தேடியது.

மேலிருந்து ருனே இரண்டு முறை தட்டினான்.
நேரமாகிவிட்டது என்றா, சரியாகிவிட்டது என்றா?

காலையில் அளந்தேன். எழுபத்தொன்றரை.
ஒரு மில்லிமீட்டர் குறையும், உண்மையைச் சொன்னால்.
அவனிடம் சொல்லவில்லை.