பதினோரு விநாடி

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு
பல்கேரியா முழுவதும் தும்முகிறது.
மருந்துக்கடைகளின் ஷட்டர்கள் ஏறுகின்றன,
வரிசையில் எள் போட்டால் எள் விழாது,
ஒவ்வொரு சீட்டும் என் தரவுத்தளத்தின் கதவைத்
தட்டிவிட்டுத்தான் மாத்திரையாகிறது.

எனக்கு ஆட்களைத் தெரியாது.
பச்சைக் கோடு ஒன்றைத் தெரியும்.
அது திரையில் மேலேறினால்
எங்கோ ஒருத்தி கால் மாற்றி நிற்கிறாள்,
எங்கோ ஒரு காய்ச்சல்
அப்பாவின் தோளில் தலைசாய்த்திருக்கிறது.

டிசம்பரில் வட்டு தொண்ணூற்று மூன்று சதவீதம்.
புதிது வேண்டுமென்று எழுதினேன்.
அமைச்சகம் பதிலுக்குக் கேட்டது:
"பழையதை அழிக்க முடியாதா?"
அழிக்கக் கூடாது, சட்டம்.
வைத்திருக்க முடியாது, இடம்.
நடுவில் நான்,
ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதையோடு.

லுபென்தான் சொன்னான்,
விதைத்தோலைத் துப்பிக்கொண்டே:
"இறந்தவங்களை மாத்திடலாம், சோர்னிட்சா.
வேகமான வட்டு உயிரோட இருக்கறவங்களுக்கு.
செத்தவங்களுக்கு என்ன அவசரம்?"

சிரித்தோம்.
பிறகு மூன்று இரவு அதையே செய்தோம்.
பதிவேட்டில் எவர் பெயரருகே
ஒரு தேதி வந்து விழுந்திருந்ததோ
அவருடைய இதய மாத்திரை, இருமல் மருந்து,
எழுதிக் கொடுத்தும் வாங்காமல் விட்ட கண்சொட்டு
எல்லாம் புறப்பட்டன, குளிர்ந்த வட்டுக்கு.
லாரி இல்லை, சங்கு இல்லை.
ஒரு கட்டளை,
கடைசியில் ஓர் அரைப்புள்ளி.

தொண்ணூற்று மூன்று அறுபத்தெட்டாயிற்று.
எட்டு மணிக் கோடு
வெயில் கண்ட பூனைபோலப் படுத்துக்கொண்டது.
நன்றிக் கடிதம் வந்தது,
என் பெயரில் எழுத்துப்பிழையோடு.

மாலையில் சிலர் குறுக்கெழுத்து போடுவார்கள்.
நான் மெதுவான கேள்விகளின் பட்டியலைப் படிப்பேன்.
ஒரு விநாடி தாண்டியவை எல்லாம் அங்கே
தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்:
பெரும்பாலும் எவரோ ஓர் அதிகாரி
மாவட்டவாரியாக உலகத்தையே கூட்டச் சொன்னவை.

பிப்ரவரி நான்கு. இது வேறு.
ஒரே ஆள், ஒரே மருந்து,
விதின் நகரம், தான்யூப் கரையோரக் கடை.
பதினோரு விநாடி.
மறுநாளும் பதினோரு விநாடி.
அதற்கடுத்த நாளும்.

இண்டெக்ஸைப் பார்த்தேன், நினைவகத்தைப் பார்த்தேன்,
எவர் பூட்டை எவர் பிடித்திருக்கிறார் என்று பார்த்தேன்.
கேள்வியின் மேல் குற்றமில்லை.
வழி தப்பாமல்
நேராக நடந்திருக்கிறது
குளிர்ந்த வட்டுக்கு.

இறந்தவர் எவரும்
மூன்று நாள் தொடர்ந்து மாத்திரை கேட்பதில்லை.

ஆளின் பெயரைப் பார்க்க எனக்கு அனுமதியில்லை.
கடையின் தொலைபேசி எண்ணுக்குத் தடையில்லை.

"ஆமாம், இதோ நாற்காலியில உட்கார்ந்திருக்காரு,
துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர்.
செத்து ரெண்டு மாசமாச்சுன்னு கணினி சொல்லுது.
அவர் ஒத்துக்க மாட்டேங்கறார்.
ஓய்வூதியமும் நின்னு போச்சு.
தினம் ரெண்டு மாத்திரை கடனாக் கொடுக்கறேன்.
எத்தனை நாளைக்கும்மா?"

பின்னால் ஓர் இருமல் கேட்டது.
என் வேலையில் நான் கேட்ட முதல் பயனர்.

அதே தெருவில் இன்னொரு டோன்சோ கலூடோவ் இருந்தாராம்,
நவம்பரில் போய்விட்டார்.
எவரோ ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டியிருக்கிறார்கள்.
என்னால் ஒரு நொடியில் திருத்த முடியும்,
திருத்தக் கூடாது.
மூன்று கையெழுத்து, ஒரு முத்திரை,
பன்னிரண்டு நாள்.
மனிதரைக் கொல்ல ஒரு விரல் போதும்,
எழுப்ப ஓர் அலுவலகமே வேண்டியிருக்கிறது.

பதின்மூன்றாம் நாள் பட்டியலில் அவர் இல்லை.
தேடிப் பார்த்தேன்: நான்கு மில்லிவிநாடி.
கூட்டத்தோடு கூட்டமாக
எவர் கண்ணிலும் படாமல்
மருந்து வாங்கிப் போயிருக்கிறார்.

இப்போது ஒரு மணி வைத்திருக்கிறேன்.
மருந்துக்கடை எதுவும் குளிர்ந்த வட்டைத் தட்டினால்
என் கைப்பேசி அதிரும்.
இதுவரை ஆறு முறை.

வட்டு எழுபத்தொரு சதவீதம்.
விசைப்பலகை இடுக்கெல்லாம் லுபெனின் விதைத்தோல்.